பன்னிரண்டாவது அடையாள அட்டை

"நாலு மணி," என்றான் லெப்டினன்ட், தன் கைக்கடிகாரத்தை அக்னஸ் மிஸ்ஸின் மூக்குக்கண்ணாடிக்கு முன்னால் நீட்டி. "நாலு மணிக்கு ட்ரக் வெளிக்கிடும். அடையாள அட்டை இல்லாத ஆட்கள் அதில ஏறத்தான் வேணும். எனக்கு வந்த ஓடர் அது, அம்மா."

சிங்களத்தில்தான் சொன்னான். மரியாதையாகத்தான் சொன்னான். அதுதான் உம்மு குல்சூமுக்குப் பிடிக்கவில்லை. கத்துகிற ஆமிக்காரனைக் கத்தியே சமாளித்துவிடலாம். அம்மா என்று கூப்பிடுகிறவனை என்ன செய்வது?

மணி இரண்டு முப்பத்தைந்து.

பள்ளிக்கூட மைதானத்தில் உடப்பு ஊரின் ஆண்கள் அத்தனை பேரும் சுடுமணலில் குந்தியிருந்தார்கள். அவர்களுடைய அட்டைகளைப் பார்த்து முடித்தாகிவிட்டது. கூடைப்பந்துக் கம்பத்துக்குக் கீழே மட்டும் தனியாக ஒரு வரிசை, பன்னிரண்டு இளைஞர்கள், கை இரண்டும் பிடரியில். எல்லாரும் ஆறடிக்குக் குறையாதவர்கள். உட்கார்ந்திருந்தும் மதிலுக்கு அப்பால் தலை தெரிந்தது. பாவங்கள், ஒளிக்கக்கூட ஏலாத உயரம்.

முந்தல் தொழில்நுட்பக் கல்லூரியின் கூடைப்பந்து அணி அது. மன்னாரிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் இடம்பெயர்ந்து வந்த பிள்ளைகள், கற்பிட்டிப் பிள்ளைகள், உடப்புப் பிள்ளைகள் எல்லாம் கலந்த அணி. கொப்பறா காயப்போடுகிற சீமெந்துத் தரையில் பழகி, கல்லூரிகளுக்கிடையிலான அகில இலங்கைச் சுற்றுப்போட்டியில் இறுதியாட்டம் வரைக்கும் ஏறிவிட்டார்கள். நாளைக் காலை பத்து மணிக்குக் கொழும்பில் ஆட்டம். இன்றைக்கோ முன்னுக்குக் கடல், பின்னுக்குக் களப்புத் தண்ணி, நடுவிலே இருந்த ஒரே றோட்டில் துவக்கோடு ஆமிக்காரர்.

"அல்லாவே, ஒன்றரை மணித்தியாலம்கூட இல்லை," என்றாள் குல்சூம். "எங்கட உம்மாக்கு ஒரு கோழி துப்புரவாக்கவே அது காணாது."

"உங்கட உம்மா கோழியோட கதைச்சுக்கொண்டு துப்புரவாக்குவா. நாங்கள் கதைக்காமல் செய்வம், வாரும்," என்றார் அக்னஸ் மிஸ்.

முப்பது வருசம் மன்னாரில் தபால் கந்தோர் நடத்தியவர் அக்னஸ். கவரைத் தடவிப் பார்த்தே உள்ளே நல்ல செய்தியா, மௌத்துச் செய்தியா என்று சொல்லிவிடுவார் என்று பேர். சண்டை அவரை முந்தலுக்குத் துரத்திய பிறகு, ஊரவர்களின் தொலைந்த பொருளையும் தொலைந்த மனிதரையும் தேடிக் கொடுப்பதே தொழிலாகிவிட்டது. பள்ளிவாசல்துறைக் கருவாட்டு வியாபாரியின் மகள் உம்மு குல்சூம் அவருக்கு உதவியாள். மிஸ்ஸுக்கு மூளை, தனக்கு வாய் என்று தொழிலைப் பங்குபோட்டுக்கொண்டதாக அவள் எல்லாரிடமும் சொல்லுவாள்.

இருவரும் பன்னிரண்டு மணிக்கு உடப்புக்கு வந்தது ஒரு சின்னக் களவைத் துப்பறியத்தான். இரண்டு மணிக்குச் சுற்றிவளைப்பு வந்து, சின்னக் களவு பன்னிரண்டு உயிர்ப் பிரச்சினையாகிவிட்டது. பெண்களை மட்டும் நடமாட விட்டிருந்தார்கள். அதனால்தான் இந்த இரண்டு பேருக்கும் இன்னும் வேலை இருந்தது.

பயிற்றுநர் பத்திநாதர் வரிசையின் ஓரத்தில் வெயிலில் வாடிப்போய் இருந்தார். மிஸ் ஐந்து நிமிசம் அவரோடு கதைக்க லெப்டினன்ட் விட்டான்.

"திரும்பவும் சொல்லும், பத்தி. என்ன நடந்தது?"

"இண்டைக்குக் காலமை எட்டு மணிக்கு வந்தம், மிஸ். எங்கட அணிக் கப்டன் தயாபரன் இந்த ஊர்ப் பெடியன். திரௌபதை அம்மன் திருவிழா, காப்புக் கட்டியாச்சு. போகமுதல் அணியின்ட பேரில ஒரு அருச்சனை செய்யச் சொல்லி அவன்ட தாய் பாக்கியம்மா கூப்பிட்டவ. பையை அவையின்ட வீட்டுத் திண்ணை ஆணியில கொழுவிப்போட்டுக் கோயிலுக்குப் போனம். பத்து மணிக்கு வந்து பார்த்தா பை இருக்குது, அட்டைக் கட்டு இல்லை."

"பன்னிரண்டு பேற்ற அட்டையும் உங்கட பையில என்ன செஞ்சது, மாஸ்டர்?" குல்சூம் கேட்டாள்.

"அது என்ர வழக்கம். செக்பொயின்ற்றில பன்னிரண்டு பேரும் பன்னிரண்டு பக்கமாப் பொக்கற்றைத் தடவினா ஆமி பதறும். நான் எல்லாத்தையும் ஒரே கட்டாக் கட்டி நீட்டிவிடுவன்."

"உங்கடது?"

பத்திநாதர் தலையைக் குனிந்தார். "சேட் பொக்கற்றில."

"மாஷா அல்லாஹ். மந்தையைக் காணல்லை, மேய்ப்பர் பத்திரம்."

"குல்சூம்!" மிஸ் அதட்டினார். "பையில வேற என்ன போனது?"

"ஒண்டும் போகல்லை. பேர்ஸ் அப்படியே. பொலிஸ் தந்த பயண பாஸ் கடிதம்கூட அதே பையில, அட்டைக்குப் பக்கத்திலயே கிடந்தது. எனக்கு மாற்று ஆட்டக்காரன் செபஸ்தியானிலதான் சந்தேகம். முதல் அஞ்சு பேரில அவனைப் போடல்லை எண்டு முகத்தை நீட்டிக்கொண்டு திரிஞ்சவன்."

குல்சூம் வரிசையைப் பார்த்தாள். ஐந்தாவதாக இருந்த செபஸ்தியான் கைகளைப் பிடரியில் வைத்தபடியே விக்கி விக்கி அழுதுகொண்டிருந்தான்.

"கோவம் வந்தா மற்றவன்ட மூக்கைத்தான் உடைப்பான், மாஸ்டர். தன்ட மூக்கையும் சேத்து உடைக்க மாட்டான். ஆளை விடுங்க."

வெளியே வந்ததும் மிஸ் குடையை விரித்தார். அவருடைய யோசனை எல்லாம் குடைக்குக் கீழேதான் நடக்கும்.

"பாஸ் கடிதத்தை ஏன் விட்டது, குல்சூம்? அதை எடுத்திருந்தாலும் பயணம் நிண்டிருக்கும். அது ஒரு கடதாசி, எடுத்துக் கிழிச்சா முடிஞ்சுது. அதை விட்டிட்டு பன்னிரண்டு அட்டையைத் தூக்கி இருக்குது."

"வாசிக்கத் தெரியாத ஆள்," என்றாள் குல்சூம். வாய்தான் தன் பங்கு என்றாலும் மூளையும் சும்மா கிடப்பதில்லை. "கடிதம் எழுத்து. அட்டையில படம் ஈக்குது. படத்தைப் பார்த்தாத்தான் அது இன்னாருடையதெண்டு அந்த ஆளுக்கு விளங்கும்."

"கெட்டிக்காரி. அப்ப எங்க ஒளிச்சிருக்கும்?"

"அதுதான் ஊரையே புரட்டிட்டாங்களே. பத்து மணியிலிருந்து ரெண்டு மணி வரைக்கும் அரிசிப் பானை, பாய்ச் சுருள், கூரைக் கிடுகு, ஒண்டு விடல்லை."

"தேடினது ஆர்?"

"ஊர்ப் பெடியன்கள். வெளியூர்ப் பிள்ளைகளை விரத வீட்டுக்குள்ள விட ஏலாதெண்டு அவங்கதான் தேடின."

மிஸ் நின்றுவிட்டார். "எல்லாரும் விரதகாரர். சரி, சொல்லும் பாப்பம். விரதம் பிடிக்கிறவன் எதைத் தொடமாட்டான்?"

கருவாட்டு வியாபாரியின் மகளுக்கு இதைப் போய் ஒருவர் கேட்க வேண்டியிருந்ததே என்று அவளுக்கு வெட்கமாகப் போய்விட்டது. காப்புக் கட்டினால் உடப்பில் மீன் இல்லை. வலை உலருகிறது, தோணி மணலில் கிடக்கிறது. வீடு கழுவி, மீன், இறைச்சி என்று மச்சம் பட்ட சட்டி பானை எல்லாவற்றையும் வேலிக்கு வெளியே வைத்துவிடுவார்கள். கொறக்காப் புளியும் உப்பும் போட்டு மீனை ஊறவைத்த பெரிய சாடிகளைக் கடற்கரையில் கவிழ்த்துக் கிடந்த தோணிகளுக்குப் பக்கத்தில் வரிசையாக வைத்திருந்ததை, வரும்போதே மூக்கு அவளுக்குச் சொல்லிவிட்டது.

"ஓடுங்க மிஸ்!" என்றாள். மிஸ் ஓடவில்லை. குல்சூம்தான் ஓடினாள்.

ஒன்பது சாடிகள். எல்லாவற்றின் வாயிலும் துணி கட்டியிருந்தது. மூன்று நாளாக வீசிய கச்சான் காற்று எட்டுச் சாடிகளின் துணியில் விரற்கடை உயரத்துக்கு மணலைக் கொட்டியிருந்தது. ஒன்பதாவதில் மணலே இல்லை. கட்டும் மீன்காரர் போடுகிற கட்டு அல்ல, அவசரத்தில் போட்ட குடும்பிக் கட்டு. அதற்கும் மேலே ஒரு அத்தாட்சி, துணியின் ஓரத்தில் பளிச்சென்று மஞ்சள் கறை.

"மஞ்சள் பூசின கை மீன் சாடியில என்ன தேடுது?" என்று கேட்டுக்கொண்டே அவள் கட்டை அவிழ்த்தாள். வந்த நாற்றத்துக்கு மிஸ் குடையோடு மூன்றடி பின்னால் போனார். குல்சூமுக்கு அது வாப்பாவின் கடை மணம். முழங்கை வரைக்கும் கையை விட்டாள். மீனுக்கு நடுவில் வழவழவென்று ஒரு கட்டு விரலில் பட்டது.

பொலித்தீன் உறை ஒட்டிய அட்டைகள். தண்ணீர் உள்ளே போகவில்லை. படமெல்லாம் முழித்துக்கொண்டு இருந்தன.

"கிடைச்சுட்டுது மிஸ்! மணி மூண்டு பத்து. டீ குடிச்சிட்டே போகலாம்."

"எண்ணும்."

எண்ணினாள். திரும்ப எண்ணினாள். சாடிக்குள் மறுபடி கையை விட்டு அடி வரைக்கும் துழாவினாள்.

"பதினொண்டு."

"ஆருடையது இல்லை?"

"தயாபரன்." குல்சூமின் குரல் இறங்கியது. "அப்ப கள்ளன் அவனா? மற்றவங்கடதை மீனுக்குள்ள போட்டுட்டுத் தன்டதை மட்டும் வெளியில வெச்சிக்கிட்டானா?"

"வைச்சிருந்தா ரெண்டு மணிக்கே காட்டிப்போட்டு எழும்பி இருப்பான். அவனும் கையைத் தலையில வைச்சுக்கொண்டு குந்தியிருக்கிறான், குல்சூம். இது அவனில்லை. அவன்ட படத்தை இந்த நாத்தத்துக்குள்ள அமத்த மனம் வராத ஆள்."

குல்சூமுக்குப் பகல் பன்னிரண்டு மணி ஞாபகத்துக்கு வந்தது. தேத்தண்ணி கொண்டுவந்து வைத்த பாக்கியம்மாவின் கூந்தலிலிருந்து தண்ணீர் சொட்டிச் சொட்டித் திண்ணை நனைந்தது. விடியக்காலையில் முழுகித்தான் கோயிலுக்குப் போயிருப்பார். பெடியன்கள் தேடுகிற நேரத்தில் பிறகும் முழுகியிருக்கிறார். விரதத்தில் மச்சம் தொட்டவர் முழுகாமல் வீட்டுக்குள் போக மாட்டார். அப்போது குல்சூம் அதைப் பார்த்தும், இந்த ஊர்ப் பொம்பிளைகளுக்கு நல்ல சுத்தம் என்று மெச்சிவிட்டுத் தேத்தண்ணியைக் குடித்தாள். இப்போது தன் மண்டையிலேயே ஒரு குட்டுப் போட்டுக்கொண்டாள்.

கோயில் மண்டபத்தில் பெண்கள் கூடியிருந்தார்கள். பாக்கியம்மா ஒரு தூணோடு ஒட்டி இருந்தார். மணிக்கட்டில் மஞ்சள் காப்பு, கக்கத்தில் காலையில் செய்த அருச்சனையின் தட்டு. குல்சூம் அட்டைகளைக் கட்டியிருந்த கைலேஞ்சிப் பொட்டலம் முன்னால் வந்த உடனேயே அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அதன் மணமே போதும்.

அக்னஸ் மிஸ் பக்கத்தில் உட்கார்ந்தார். "பாக்கியம்மா, மற்றது எங்க?"

"எரிச்சிட்டன்."

"இல்லை. நீங்கள் அதை எரிக்கமாட்டீங்கள்."

பாக்கியம்மா மணிக்கட்டுக் காப்பைத் திருகினார். பிறகு குரலைத் தாழ்த்திக் கொட்டத் தொடங்கினார்.

"என்ட மூத்தவனும் கொழும்புக்குத்தான் போனான், மிஸ். வேலைக்கு. லொட்ஜில வைச்சுப் பிடிச்சவங்க. ரெண்டு வருசம், ஒரு தகவலில்லை. அவன்ட பையில அட்டை இருந்தது. அட்டை இருந்தும் பிடிச்சாங்க. அட்டை இருந்ததாலதானே அவன் போனான்? இல்லாட்டி இந்த ஊரைத் தாண்டி இருப்பானா? இவனுக்கு நான் சொல்லிப் பார்த்தன். அழுது பார்த்தன். 'அம்மா, அகில இலங்கை இறுதியாட்டம்' எண்டுறான். எனக்கென்னத்துக்கு அகில இலங்கை? எனக்கு இருக்கிறது ஒரு பிள்ளை."

"ஆமி வந்தோடன ஏன் குடுக்கல்லை?"

"வந்தது நல்லதெண்டு நினைச்சன்! றோட்டைப் பூட்டினா வான் போகாதுதானே. எங்கட ஊர்ப் பெடியனுகளை அவங்களுக்குத் தெரியும். எப்பவும் பார்த்திட்டு விட்டிருவாங்க."

"அட்டை இருக்கிற ஆட்களை விடுவாங்கள்," என்றார் மிஸ். "இல்லாத ஆட்களை நாலு மணிக்கு ட்ரக்கில ஏத்தப் போறாங்கள். உங்கட மகன் அந்த வரிசையில முதல் ஆள்."

பாக்கியம்மா தூணை விட்டு நிமிர்ந்தார். இந்த ஊரில் யாரும் அவருக்கு இதைச் சொல்லவில்லை. மகனை ஒளித்து வைக்க நினைத்த தாய், பிடித்துக் கொடுக்கிற வேலையைத் தன் கையாலேயே செய்திருந்தார்.

"குடுத்தா விடுவாங்களா? சத்தியம் பண்ணுங்க, மிஸ்."

குல்சூம் மனசுக்குள் கெஞ்சினாள். பண்ணுங்க மிஸ், ஒரு பொய்ச் சத்தியம், அந்தோனியார் மன்னிப்பார். ஆனால் அக்னஸ் மிஸ் பிடிவாதக்காரி.

"இங்க விடுவாங்கள் எண்டு அந்த லெப்டினன்ட் சொன்னவன். அதை நம்பலாம். கொழும்பில என்ன நடக்கும் எண்டு எனக்குத் தெரியாது. அதுக்குச் சத்தியம் பண்ண மாட்டன்."

பாக்கியம்மா சேலை மடியை அவிழ்த்தார். வெற்றிலையில் சுற்றிய ஒரு அட்டை. காலையிலிருந்து வயிற்றோடு வைத்திருந்ததில் சூடாக இருந்தது.

"இவன்ட முகத்தை மீனுக்குள்ள அமுக்கக் கை வரல்லை."

"மற்றதுகளும் தாய்மார் பெத்த பிள்ளையள்தான், பாக்கியம்மா," என்றார் மிஸ் மெதுவாக.

"ஓம், மிஸ். ஓம்." பாக்கியம்மா இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். மணி மூன்று நாற்பத்தைந்து.

மைதானத்துக்கு மூன்று பேரும் போனபோது ட்ரக்கின் பின்பலகையை இறக்கியிருந்தார்கள். வரிசை எழுந்து நின்றது. குல்சூம் குறுக்கே போய் நின்று, முந்தானையால் துடைத்துத் துடைத்து அட்டைகளை லெப்டினன்டின் கையில் வைத்தாள். முதல் அட்டையிலேயே அவன் மூக்கைப் பொத்தினான். இரண்டாவதில் சிப்பாய் ஒருவன் இருமத் தொடங்கினான்.

"எங்க இருந்து எடுத்தது இது?"

"மீன் சாடியில, சேர்," என்றாள் குல்சூம் சந்தைச் சிங்களத்தில்.

அவன் ஒவ்வொரு முகமாகப் படத்தோடு ஒப்பிட்டான். ஒவ்வொருவரும் கையை இறக்க இறக்க, குல்சூமுக்கு ஒவ்வொரு கல்லாக நெஞ்சிலிருந்து இறங்கியது. பதினொன்று முடிந்தது. பன்னிரண்டாவது அட்டையை அவன் திருப்பித் திருப்பிப் பார்த்தான். மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனான்.

"இது மட்டும் ஏன் நாறவில்லை?"

தயாபரன் நிமிர்ந்து தாயைப் பார்த்தான். அட்டையில் ஒட்டியிருந்த வெற்றிலைத் துண்டைப் பார்த்தான். அவனுக்கு ஒரு நொடியில் எல்லாம் பிடிபட்டுவிட்டது, குல்சூம் அதைக் கண்ணால் கண்டாள்.

"பூனை, சேர்," என்றாள் அவள். மிஸ் வாயைத் திறக்குமுன் தன் பங்கைச் செய்துவிட வேண்டும். "பூனைதான் தூக்கிக்கொண்டு போய்ச் சாடிக்குள்ள போட்டது. இந்தாள் கப்டன்தானே, ஆறடி மூண்டங்குலம். பூனைக்குத் தூக்க ஏலாமப் போச்சு."

லெப்டினன்ட் அவளைப் பார்த்தான். அவளுக்குப் பின்னால் மஞ்சள் காப்புக் கையோடு நின்ற பாக்கியம்மாவைப் பார்த்தான். நெடுநேரம் பார்த்த மாதிரி இருந்தது. பிறகு அட்டையைத் தயாபரனிடம் நீட்டினான்.

"அந்தப் பூனைக்குச் சொல்லுங்க, இன்னொரு தரம் இந்த வேலை செய்ய வேண்டாமெண்டு. றோட்டு அஞ்சு மணி வரைக்கும் திறந்திருக்கும். போறதெண்டா இப்ப போங்க."

ட்ரக் வெறுமையாகக் கிளம்பியது. செபஸ்தியான் பத்திநாதரைக் கட்டிப்பிடித்து மீன் மணத்தை அவருக்கும் பூசினான். அவனைச் சந்தேகப்பட்டதற்கு அவருக்கு அது வேணும்.

தயாபரன் மட்டும் வானுக்குப் போகவில்லை. தாய்க்கு முன்னால் வந்து நின்றான்.

"அம்மா, நீங்களா?"

அவர் தலையைத் தூக்கவில்லை.

"நான் போகல்லை, அம்மா. அவங்க பதினொரு பேரும் விளையாடட்டும்."

காலையிலிருந்து அவர் கேட்க ஆசைப்பட்ட வார்த்தை அது. கேட்டதும் ஓவென்று அழுதார்.

"போடா," என்றார். "இங்க வைச்சிருந்தா நீ தப்புவாய் எண்டு நினைச்சன். என்ட மடிக்குள்ள வைச்சிருந்தும் உன்னைப் பிடிக்கப் பார்த்தாங்களே. எங்கதான் ஒளிக்க? போ, போய் விளையாடு."

பத்திநாதர் வழக்கப்படி எல்லாருடைய அட்டையையும் வாங்கக் கையை நீட்டினார். பாக்கியம்மா குறுக்கே புகுந்து அந்தக் கையைத் தட்டிவிட்டார். "வேண்டாம், மாஸ்டர். அவனவன்ட அவனவனிட்ட இருக்கட்டும்." மகனுடைய அட்டையை அவன் சேட் பொக்கற்றில் தானே வைத்து, பொத்தானையும் பூட்டிவிட்டார்.

வான் புறப்பட்டது. யன்னலெல்லாம் திறந்து கிடந்தது, அந்த நாற்றத்தோடு வேறென்ன செய்வது. காப்புக் கட்டியவர் ஊர் எல்லையைத் தாண்டக்கூடாது, ஆகவே பாக்கியம்மா எல்லைக்கல்லோடு நின்றுவிட்டார். வான் தென்னந்தோப்புக்குள் மறையும் வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுத் திரும்பினார்.

"மிஸ், தோத்தா எப்ப வருவாங்க?"

"தோத்தா என்ன இருக்குது அங்க? நாளைப் பின்னேரமே வந்திருவாங்கள்."

"வெண்டா?"

"வெண்டா கிண்ணம் குடுப்பினம், கூட்டம் வைப்பினம், படம் பிடிப்பினம். ரெண்டு நாள் கொழும்பிலதான்."

பாக்கியம்மா கண்ணைத் துடைத்தார். அருச்சனைத் தட்டைக் கக்கத்தில் சரிசெய்துகொண்டார்.

"அப்ப தோக்கட்டும்," என்று சொல்லிவிட்டு, அதை உடனேயே அம்மனுக்கும் அறிவித்துவிடக் கோயில் பக்கம் விறுவிறென்று நடந்தார்.